மரச்சட்டத்திலிருந்து ரீச்சி வரை: வீட்டில் செய்த மாஜோங் செட்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் இப்போது, நால்வர் காய் வைத்து ஆடும் மாஜோங் ஆட்டத்துக்கு ஒரு முழு செட் இருக்கிறது. தேக்குச் சட்டத்தில் அறுத்த 136 காய்கள், ஈர்க்கில் செய்த புள்ளிக் குச்சிகள், கைத்தறித் துணி இழுத்துக் கட்டிய ஒரு பிளைவுட் பலகை. நான்கு பேர் இருந்து, யாரும் போனைத் திறந்து விதி பார்க்காமல், ஆட்டத்தின் இரு பகுதிகளான கிழக்குச் சுற்றையும் தெற்குச் சுற்றையும் ஆடி முடித்துவிட்டோம். செட் செய்ததும் ஆட்டம் பழகியதும் ஒன்றோடொன்று கலந்தே நடந்ததால் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவுகளாவது உதவும்.

ஆசையைக் கிளப்பியவன் மச்சான். யாகுசா வரிசை வீடியோ கேம்களில் கதைக்கு நடுவே மாஜோங் கடைக்குள் போய் உட்கார்ந்து ஆடலாம். தெருச் சண்டையெல்லாம் வென்றுவிட்டு அந்த மேசையில் மட்டும் காசை விட்டுவிட்டு வருவான். "என்ன நடக்குதெண்டே விளங்குதில்ல" என்பான். சரி, போனில் பழகுவோம் என்று 'மாஜோங்' என்று தேடி இறக்கினால் வந்தது வேறொன்று. குவித்து வைத்த காய்களில் ஒரே மாதிரியான இரண்டைத் தேடி எடுக்கும் தனியாள் ஆட்டம் அது. 1986இல் 'ஷாங்காய்' என்ற கணினி விளையாட்டாக வந்து பரவியது. காயில் உள்ள படங்கள் கண்ணுக்குப் பழகும், அதற்கு மேல் அதனால் பயன் இல்லை. நால்வர் ஆடும் ஜப்பானிய முறை வேண்டுமென்றால் 'ரீச்சி' என்ற சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படித்தான் 'மாஜோங் சோல்' கிடைத்தது.

ரம்மி தெரிந்தவருக்கு அடிப்படை உடனே பிடிபடும். கையில் 13 காய். ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். பதினான்காவது காயோடு நான்கு செட்டும் ஒரு சோடியும் அமைந்தால் வெற்றி. செட் என்பது ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று எண், அல்லது ஒரே காய் மூன்று. வட்டம், மூங்கில், எழுத்து என்று மூன்று இனம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, எல்லாம் நந்நான்கு பிரதி: 108. நான்கு திசைக் காய்கள் நந்நான்கு, 16. வெள்ளை, பச்சை, சிவப்பு என்ற நிறக் காய்கள் நந்நான்கு, 12. மொத்தம் 136. பூக்காய் எட்டும் சேர்ந்த 144 சீனச் செட்டுகளில் வரும். ரீச்சிக்கு அவை தேவையில்லை.

போனில் ஒரு சில வாரம் ஆடினேன். வெல்லவும் செய்தேன். ஆனால் ஏன் வென்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. மற்றவர் போட்ட காயை எடுக்கலாம் என்றால் பொத்தான் தானாகவே மேலே வருகிறது. கையில் இருந்தால் புள்ளியைக் கூட்டும் டோராக் காய் மினுங்குகிறது. எந்தக் காய்க்குக் காத்திருக்கிறோம் என்று அதுவே காட்டுகிறது. புள்ளிக் கணக்கும் அதன் பொறுப்பு. பொத்தான் வந்தால் அழுத்துவது என்ற பழக்கம் மட்டுமே எனக்குத் தேறியது. கையால் ஆடாமல் இது மண்டைக்குள் ஏறாது என்று தெரிந்தது. இங்கே கடைகளில் செட் இல்லை. வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்றால், பிளாஸ்டிக் செட்டின் பாரத்துக்கு அனுப்பும் செலவே காயின் விலையைத் தாண்டியது.

முதலில் செய்தது மட்டைக் காய். தடித்த மட்டையில் வெட்டி மார்க்கரால் எழுதியது. விதி பழக அது போதும், யாரும் அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஆனால் மட்டை நிமிர்ந்து நிற்காது. சீட்டு மாதிரி கையில் 13ஐ விரித்துப் பிடிக்கவும் முடியாது. மதில் கட்டவும் முடியாது. இந்த ஆட்டத்தில் காய்களைக் கவிழ்த்து, ஆளுக்கு 17 நீளம், இரண்டு அடுக்கு என்று நான்கு மதில் கட்டித்தான் தொடங்க வேண்டும். 17 பெருக்கல் 2 பெருக்கல் 4, சரியாக 136.

அப்புறம்தான் மரம். தச்சுப் பட்டறையில் கதவு நிலை செய்து மிஞ்சிய தேக்குத் துண்டுகளைக் கேட்டு, 22க்கு 16 மில்லிமீற்றர் சட்டமாகச் சீவித் தரச் சொன்னேன். நான்கடி நீளத்தில் ஐந்து சட்டம். காயின் அளவு 30 × 22 × 16. ஜப்பானியக் காய்கள் இதைவிடச் சிறியவை, உயரம் 26 மில்லிமீற்றர் அளவில்தான் வரும். மாமாவின் கண்ணுக்காகப் பெரிதாக வைத்தேன். ஒரு காய்க்கு 30, வாள் தின்பது இரண்டரை, ஆக 32.5. 136 காய்க்கு 4,420 மில்லிமீற்றர், அதாவது பதினான்கரை அடி. ஐந்து சட்டத்தில் இருபதடி இருப்பதால் கணு விழுந்தவற்றையும் கோணலானவற்றையும் தாராளமாகக் கழிக்கலாம். கழித்தேன்.

அறுப்பதற்கு ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். அடியில் ஒரு பலகை, இரு பக்கமும் இரண்டு பலகை, குறுக்கே மூலைமட்டம் வைத்து அறுத்த ஒரு வெட்டு. வாள் அந்த வெட்டுக்குள் இறங்கினால் நேராகவே போகும். வெட்டிலிருந்து 30 மில்லிமீற்றர் தள்ளி ஒரு தடைக்கட்டை ஆணியடித்தால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். சட்டத்தைத் தடையில் முட்டு, அறு, எடு. வேலை வேகமாக ஓடியது. முதற் சட்டம் முடிந்து காய்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் தலைப்பக்கம் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. முதற் காய் 30, கடைசிக் காய் 29க்கும் கீழே. வாள் சரி, பெட்டி சரி. காரணம் மரத்தூள். அறுக்கும் தூள் தடைக்கட்டையின் அடிமூலையில் போய் ஒதுங்குகிறது. சட்டத்தின் முனை கட்டையில் முட்டாமல் தூளில் முட்டுகிறது. ஒவ்வொரு காய்க்கும் தூள் கொஞ்சம் கூடுகிறது, காய் அதே அளவு குறைகிறது. தடைக்கட்டையின் அடி ஓரத்தை உளியால் சாய்வாகச் செதுக்கிவிட்டேன். தூள் அந்த இடைவெளிக்குள் போய்விடும், சட்டம் மரத்திலேயே முட்டும். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அறுத்தவை எல்லாம் ஒரே உயரம்.

உயரத்தில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், குட்டையான காயை எதிரே இருப்பவர் அடையாளம் கண்டுகொள்வார். எங்கள் வீட்டில் அது நடந்தது. 'இது சிவப்பு' என்று மாமா மதிலில் கவிழ்ந்து கிடந்த காயைக் காட்டிச் சொன்னார், திருப்பினால் சிவப்புத்தான். அவர் பார்த்தது உயரத்தை அல்ல, மரத்தின் ரேகையை. தேக்கின் முதுகு ரேகை ஒவ்வொன்றும் வேறு வேறு. நாலைந்து ஆட்டத்தில் பாதிக் காய்களை மனப்பாடமாக்கிவிடுவார் போலிருந்தது. அதனால் முகத்தைத் தவிர மற்ற ஐந்து பக்கமும் பச்சை எனாமல் பூசினேன். மரத்தின் அழகு போச்சே என்று மச்சான் வருந்தினான். வேறு வழியில்லை.

எனாமலில் ஒரு எச்சரிக்கை. மாரி காலத்தில் பூசினேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, மறுநாளே அடுக்கிப் பெட்டியில் போட்டேன். எடுக்கும்போது இரண்டு மூன்று காய்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்ததும் பெயின்ட் உரிந்து வந்தது. அந்த ஈரக் காற்றில் ஒரு கிழமைக்கு மேல் தனித்தனியாகப் பரப்பி வைக்க வேண்டும். முடிந்ததும் கொஞ்சம் முகப்பவுடர் தூவித் துடைத்தேன். இப்போது ஒட்டுவதில்லை, கையிலும் நல்ல வழுக்கு.

முகத்துக்கு ஸ்டிக்கர். காய் முகம் ஒன்றை 18 × 26 மில்லிமீற்றராக வரைந்தால் ஏ4 தாள் ஒன்றில் நூறு வரை கொள்ளும், இரண்டு தாள் போதும். முதலில் இங்க்ஜெட்டில் அடித்து, மேலே தண்ணீர் கலந்த வார்னிஷ் பூசினேன். மூங்கில் எல்லாம் பாசியாகப் படர்ந்துவிட்டது. தின்னர் கலந்த வார்னிஷ் என்றால் லேசர் அச்சின் டோனரை இளக்கும். ஆகவே லேசர் அச்சு, தண்ணீர் வார்னிஷ்: இந்தச் சேர்க்கைதான் நிற்கிறது. மெல்லிய பூச்சு இரண்டு. ஓரங்களில் நன்றாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வைக் கை பட்டு மூலை கிளம்பும். வெள்ளைக் காயின் முகம் வெறுமைதான், இருந்தாலும் அதிலும் வெற்று ஸ்டிக்கர் ஒட்டினேன், எல்லாம் ஒரே தடிப்பாக இருக்கட்டும் என்று.

எழுத்துக் காய்களில் சீன எண்ணுக்குப் பதில் தமிழ் எண் போட்டால் என்ன என்று ஒரு புத்தி வந்தது. ௧, ௨, ௩ என்று ஒன்பது வரை அழகாக வரைந்தேன். வீட்டில் ஒருவருக்கும் நாலுக்கு மேல் வாசிக்கத் தெரியவில்லை, எனக்கும் ௬க்கும் ௯க்கும் பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. அதைவிட, அந்தக் காயில் பழகிவிட்டுப் போனுக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் சீன எழுத்தையே வைத்து, மூலையில் சின்னதாக 1 முதல் 9 வரை போட்டேன். திசைக் காய்களில் கி, தெ, மே, வ. ஒன்று மூங்கிலில் பறவைப் படம் இருக்கும், வீட்டில் அதற்கு மயில் என்றே பெயர்.

மேசைக்கு மூன்றடிச் சதுரப் பிளைவுட், மேலே மருதமுனைக் கைத்தறித் துணி, திரைச்சீலைக்கு எடுத்ததில் மிச்சம். துணி இல்லாமல் ஆடினால் காய் வழுக்கும், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் எழும்புவார்கள். 17 காயின் நீளம் 374 மில்லிமீற்றர், அந்த மதில்களுக்கு நடுவே போட்ட காய்களுக்கும், வெளியே ஆளுக்கு ஒரு வரிசைக்கும் இடம் வேண்டும். 75 சென்ரிமீற்றரிலும் ஆடலாம், நெருக்கமாக இருக்கும்.

புள்ளிக் குச்சிக்கு ஈர்க்கு. ஆளுக்கு 25,000 புள்ளி: பத்தாயிரம் ஒன்று, ஐயாயிரம் இரண்டு, ஆயிரம் நான்கு, நூறு பத்து. நெயில் பொலிஷில் நிறப் பொட்டு. ஈர்க்குகள் காய்ந்ததும் முறிகின்றன. ஐஸ்கிரீம் குச்சிதான் சரி.

செலவு: மரமும் சீவுகூலியும் 2,500, சாண்ட் பேப்பர் (120, 240, 400) 480, எனாமல் 1,100, வீணான தாளும் சேர்த்து ஸ்டிக்கர் 600, வார்னிஷ் 1,650. மொத்தம் 6,330 ரூபாய். பிளைவுட்டும் துணியும் வீட்டில் கிடந்தவை. செட்டின் பாரம் ஒரு கிலோ அளவில் வருகிறது.

இனி ஆட்டம். நான், மச்சான், தங்கச்சி, மாமா. மாமா 304 என்ற சீட்டாட்டத்தில் ஊரறிந்த ஆள். அந்த ஆட்டத்தில் இனத்துக்கு 76 புள்ளி வீதம் நான்கு இனத்துக்கும் 304. எது வெளியே வந்தது, எது இன்னும் கையில் இருக்கிறது என்று அவர் வாய் திறக்காமலே கணக்கு வைத்திருப்பார். அதுவே ஆரம்பத்தில் தொல்லையாகவும் இருந்தது. எதிரே இருப்பவர் தன் கூட்டாளி என்ற நினைப்பு போகவே இல்லை. தங்கச்சிக்கு வேண்டிய காயைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். "மாமா, இதில கூட்டாளி இல்ல. நீங்க போட்ட காயில அவள் வெண்டா, முழுக் காசும் நீங்கதான் குடுக்கணும்" என்றேன். "அப்ப மற்ற ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்களா?" "ஓம், சும்மாதான்." அன்றிலிருந்து அவர் ஆட்டமே மாறியது.

விதிகளை ஒரே நாளில் கொட்டவில்லை. முதலில் எல்லாரும் காய்களை மல்லாத்தி வைத்து, நான்கு செட்டும் ஒரு சோடியும் சேர்ந்தால் போதும் என்று ஆடினோம். அப்புறம் யாக்கு. ரீச்சியில் அமைப்பு மட்டும் சரியாக இருந்தால் வெல்ல முடியாது, யாக்கு என்ற தகுதி ஒன்றாவது இருக்க வேண்டும். பட்டியல் நீளம். நான் மூன்றை மட்டும் கொடுத்தேன்: எவரிடமும் காய் வாங்காமல் மூடிய கையோடு ஒரு காய்க்குக் காத்திருக்கும் நிலை வந்ததும் ஆயிரம் கட்டி அறிவிக்கும் 'ரீச்சி'; 1, 9, திசை, நிறம் எதுவும் இல்லாத 'தன்யாவோ'; நிறக் காய் மூன்று அல்லது தன் திசைக் காய் மூன்று சேர்ந்தால் வரும் 'யாக்குஹாய்'. இந்த மூன்றை வைத்தே மாதக்கணக்கில் ஆடலாம். தங்கச்சி மற்றவர் போட்ட காயையெல்லாம் 'பொன்' (ஒரே காய் மூன்றாக்க), 'சீ' (அடுத்தடுத்த எண் சேர்க்க) என்று கேட்டு வாங்குவாள். நான்கு செட்டும் ஒரு சோடியும் வந்து நிற்கும், யாக்கு இருக்காது. வாங்கிய கை என்பதால் ரீச்சியும் சொல்ல முடியாது. டோராவை எண்ணிக் காட்டுவாள். டோரா புள்ளியைக் கூட்டும், அது யாக்கு அல்ல.

திசையில் ஒரு குழப்பம். கிழக்கில் இருப்பவருக்கு வலப்பக்கம் தெற்கு, எதிரே மேற்கு, இடப்பக்கம் வடக்கு. வரைபடத்தில் பார்த்தால் இது தலைகீழ். வீட்டின் உண்மையான கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தால் இன்னும் மோசம். உண்மைத் திசையை மறந்துவிடுவது நல்லது.

போட்ட காய்களை முதலில் நடுவில் குவியலாகப் போட்டோம். அது ஆகாது. ஒவ்வொருவரும் தன் முன்னால், வரிசைக்கு ஆறாக, போட்ட ஒழுங்கிலேயே அடுக்க வேண்டும். ஏனென்று ஃபுரித்தென் என்ற விதி வந்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மச்சான் கையில் 4, 5 வட்டம். 3 அல்லது 6 வந்தால் வெற்றி. நான் 6 வட்டம் போட்டேன். மற்றவர் போட்ட காயில் வென்றால் சொல்லும் "ரொன்!" என்று கத்திக் காய்களைச் சாய்த்தான். மாமா விரலை நீட்டி அவன் வரிசையைக் காட்டினார். அங்கே இரண்டாவது காயாக 3 வட்டம். தான் காத்திருக்கும் காய்களில் ஒன்றைத் தானே முன்பு போட்டிருந்தால், மற்றவர் போடுவதில் வெல்ல முடியாது. 3 போட்டிருந்தாலும் 6க்கும் முடியாது. இதுதான் ஃபுரித்தென். தானே மதிலில் எடுத்தால் மட்டும் வெல்லலாம். போனில் இதை ஒரு சின்ன எழுத்தில் காட்டி, பொத்தானைத் தராமல் விட்டுவிடும். நான் அத்தனை நாளும் அதைக் கவனிக்கவே இல்லை.

மச்சான் அநியாயம் என்றான். மாமாவோ அதைத் திருப்பிப் பிடித்தார். "அப்ப அவன் போட்ட காயை நான் போட்டா அவனால அடிக்க ஏலாது, அப்பிடித்தானே?" அப்படித்தான். தற்காப்பின் தொடக்கமே அது. ஒருவர் ரீச்சி சொன்னால், அவர் வரிசையில் கிடக்கும் காய் அவருக்கு எதிராக நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. அடுத்தது சுஜி: அவர் 4 போட்டிருந்தால், அதே இனத்தில் 1உம் 7உம் ஓரளவு பாதுகாப்பு. 2, 3 வைத்திருப்பவர் 1க்கும் 4க்கும் காத்திருக்கிறார், 5, 6 வைத்திருப்பவர் 4க்கும் 7க்கும். இரண்டிலும் 4 இருப்பதால் ஃபுரித்தென். 'ஓரளவு' என்றதைக் கவனியுங்கள். 6, 8 வைத்து நடுவில் 7க்குக் காத்திருந்தாலும், 8, 9 வைத்து 7க்குக் காத்திருந்தாலும் சுஜி காப்பாற்றாது. மாமாவுக்கு இதை நம்பி 7 போட்டு 8,000 கொடுத்திருக்கிறேன்.

கை சேர்ப்பதில் எண்ணிக்கை மட்டும்தான். 4, 5 போன்ற இருபுறத் திறப்புக்கு எட்டுக் காய் உதவும். 4, 6 என்று நடுவில் ஓட்டை என்றால் நான்குதான். 1, 2க்கும் 3 மட்டும், நான்கு. ஒற்றைக் காயோடு சோடிக்கு நின்றால் மூன்று. நான்கு செட், ஒரு சோடி, ஆக ஐந்து கூறு. ஆறாவது கூறு கையில் கிடந்தால் பலவீனமானதை முதலே கழித்துவிட வேண்டும். இதைப் பழகப் போன்தான் மேல். கலக்குவது, மதில் கட்டுவது என்ற வேலை இல்லாமல் கை மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எதிராளியின் வரிசையை வாசிக்கப் பழக மேசை மேல், அங்கே அவசரப்படுத்தும் கடிகாரம் இல்லை. இப்போது மச்சான் யாகுசா மேசையில் காசோடு எழும்புகிறான்.

புள்ளிக்கு நாங்கள் வைத்திருப்பது குறுக்குவழி: ஒரு ஹானுக்கு (யாக்குக்கும் டோராவுக்கும் எண்ணும் அலகு) 1,000, இரண்டுக்கு 2,000, மூன்றுக்கு 4,000, நான்குக்கு 8,000, கிழக்கில் இருப்பவர் வென்றால் ஒன்றரை மடங்கு. வழக்கமான 30 ஃபூ (கையின் அமைப்புக்குத் தனியாக எண்ணும் சிறு புள்ளி) கையின் சரியான கணக்கு 1,000, 2,000, 3,900, 7,700. ஃபூ கணக்கை இன்னும் மேசைக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்த செட்டுக்குக் குறித்து வைத்திருப்பவை: உயரம் 26க்கு இறக்குவது, அறுக்கும் முன்பே சட்டத்துக்கு முதற் பூச்சு பூசிவிடுவது, விளிம்புகளை 240 தாளில் ஒரு முறையாவது மழுக்குவது, மிஞ்சும் காய்களிலும் முகம் ஒட்டி உதிரியாக வைப்பது. மூன்று பேர்தான் இருக்கிறோம் என்றால், எழுத்துக் காய்களில் 2 முதல் 8 வரை 28ஐயும் எடுத்துவிட்டு 108இல் ஆடலாம், அதில் 'சீ' கிடையாது. அந்த 28க்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி அடிக்க வேண்டும். பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்ததில் ஒரு 5 எழுத்தின் பெயின்ட் உரிந்துவிட்டது. இப்போது அது எதுவென்று மாமாவுக்குத் தெரியும்.